எங்கள் ட்ரைவ்வேயில் நிற்கும் அன்னம் படகு அல்ல

அனுப்புபவர்:
அகஸ்ரின் றஜிதா, வயது 18,
மோர்னிங்சைட், ஸ்காபரோ,
ரொறன்ரோ.

பெறுநர்:
உபவிதி அமுலாக்க அதிகாரி அவர்கள்,
கிழக்குப் பிரிவு.

விடயம்: ஜூன் 3ஆம் திகதி எங்கள் அன்னத்தின் கழுத்தில் கட்டப்பட்ட அறிவித்தலும், அதை அகற்றுவதற்குத் தரப்பட்ட பதினான்கு நாட்களும்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

கையொப்பத்திலிருந்து தாங்கள் யார் என்று அறிய முடியவில்லை. மன்னிக்கவும்.

அறிவித்தலை வாசிப்பதற்கு முன் என் கண்ணில் பட்டது அதன் முடிச்சு. மழையில் நனையாதபடி கடிதத்தைப் பிளாஸ்ரிக் உறையில் இட்டு, அன்னத்தின் கழுத்தைச் சுற்றி நூலால் கட்டி, முன்பக்கத்தில் பூப்போல முடிச்சுப் போட்டிருந்தீர்கள். வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தால் ஐந்து விநாடியில் முடிந்திருக்கும். அன்னத்தின் கழுத்தோ எட்டடி உயரத்தில் இருக்கிறது. எங்கள் பூந்தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறித்தான் கட்டியிருக்கிறீர்கள் என்பதைத் தொட்டியின் அடியில் பதிந்திருந்த சப்பாத்து அடையாளத்தால் அறிந்தேன். இவ்வளவு கவனமாக முடிச்சுப் போடும் ஒருவர் ஒரு நீண்ட கடிதத்தையும் கடைசிவரை வாசிப்பார் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

1. அறிவித்தலின் கடைசிப் பக்கத்தில், ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வந்து ஐந்து நிமிடம் பேசலாம் அல்லது தமக்கு விருப்பமான மொழியில் எழுதலாம் என்று இருந்தது. மொழிகளின் பட்டியலில் தமிழ் பதினேழாவது. நான் தொடர்ந்து ஐந்து நிமிடம் பேசியதை எங்கள் வீட்டில் எவரும் கண்டதில்லை. தொலைபேசியில் பீட்ஸா சொல்வதற்குக்கூட என் ஒன்பது வயதுத் தங்கை மெலனியைத்தான் பேசவிடுவேன். மன்னாரில் ஆறாம் வகுப்புவரை படித்துவிட்டு, அப்பா வந்து சில வருடங்களின் பின் இங்கு வந்தவள் என்பதால், தமிழில் எழுதும்போது மட்டும் நான் தடுமாறுவதில்லை. இதை மொழிபெயர்க்கப் போகிறவருக்கு ஏற்படும் சிரமத்துக்கு அவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

2. மேற்படி அன்னத்தைச் செய்தவர் என் அப்பா அகஸ்ரின். வார நாட்களில் அவர் ஒரு களஞ்சியசாலையில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டினார். வார இறுதியில் அன்னத்தை வாடகைக்கு விட்டார். எங்கள் வழக்கம் தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மகள் பெரியபிள்ளையானால் எங்கள் ஆட்கள் மண்டபம் எடுத்து, முந்நூறு பேரை அழைத்துச் சாமத்தியவீடு செய்வார்கள். அந்த மண்டபத்துக்குள் பிள்ளை சும்மா நடந்து வந்துவிட முடியாது. ஒரு வீட்டார் பல்லக்கில் கொண்டுவந்தால் அடுத்த வீட்டார் குதிரை வண்டியில் கொண்டுவருவார்கள். அதற்கு அடுத்த வீட்டார் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். அப்பா கவனித்தது அந்த மூன்றாவது வீட்டாரைத்தான்.

இரண்டு குளிர்காலம் தம் நண்பர் பஸ்ரியன் அங்கிளின் கராஜில் இருந்து, பதினொரு அடி நீளத்தில் ஃபைபர்கிளாஸ் அன்னம் ஒன்றைச் செய்தார். நடுவில் சிவப்பு வெல்வெற் கதிரை. பொத்தானை அழுத்தினால் இரண்டு செட்டைகளும் விரியும்; இடது செட்டை சற்று யோசித்துத்தான் விரியும். கழுத்தைப் பொருத்தி முடித்தபின்தான் கராஜ் கதவு ஏழடி என்பது தெரியவந்தது. அப்பா கழுத்தை முதலிலும் கதவைப் பிறகும் அளந்திருந்தார். வெளியே வருவதற்காகக் கழுத்தை ஒருமுறை அறுத்து மீண்டும் ஒட்டினார்கள். இன்னொருமுறை அறுத்தால் தலை நேராக நிற்காது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால்தான் அது ஆறு வருடமாக எங்கள் ட்ரைவ்வேயில் நிற்கிறது. வீட்டுக்காரர் திரு. சேதுராமன் அதற்குச் சம்மதித்து எழுதிய கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் அவர் தம் மகளின் பிறந்தநாளுக்கு அன்னத்தைச் சலுகை விலையில் கேட்டிருக்கும் பந்தியைத் தயவுசெய்து கவனத்தில் எடுக்க வேண்டாம்.

3. தங்கள் அறிவித்தலில் அன்னம் 'படகு வகை' என்று குறிக்கப்பட்டுள்ளது. பணிவுடன் மறுக்கிறேன். அதற்கு அடித்தளம் இல்லை. உருட்டித் தள்ளச் சில்லு வைத்த பலகையில் கதிரையைப் பூட்டி, சுற்றிவர அன்னத்தைப் பொருத்தியிருக்கிறது. குளத்தில் விட்டால் தண்ணீர் அதன் உள்ளே நிற்கும். தண்ணீர் வெளியே நிற்க வேண்டும், அதுதான் படகு என்று நினைக்கிறேன். இந்த இடத்தில் அன்னத்தை 'வளர்ப்புப் பறவை' என்று எழுதச் சொல்லி மெலனி மிகவும் வற்புறுத்தினாள். அது உண்மையல்ல என்பதால் எழுதவில்லை. அவள் என்னுடன் இரண்டு நாள் கதைக்கவில்லை.

4. பதினெட்டு வயதுப் பிள்ளை ஏன் அன்னத்துக்காக மனு எழுதுகிறாள் என்று தாங்கள் கேட்கலாம். அப்பா இப்போது இல்லை. அப்பாவுக்கு ஆயுள் காப்புறுதியும் இருக்கவில்லை. அதற்காக அவரைக் கவலையீனமானவர் என்று எவரும் நினைக்கக்கூடாது என்பதால் காரணத்தையும் விளக்குகிறேன்.

அப்பாவுக்கு நெருக்கமானவர்களில் ஒன்பது பேர் காப்புறுதி முகவர்கள். பஸ்ரியன் அங்கிள் அவருடைய பள்ளித்தோழர். யோசப் அங்கிள் எட்டு வருடம் அவரை வேலைக்கு ஏற்றி இறக்கியவர். ஏஞ்சலா அன்ரி என்னுடைய ஞானத்தாய். றொய்சன் அண்ணை எங்கள் கோயிலில் கிற்றார் வாசிப்பவர். மற்ற ஐவரின் பெயரை எழுதவில்லை. இம்மனுவின் பிரதியை அவர்களும் கேட்டிருப்பதால், யாரை முதலில் எழுதினேன் என்ற கேள்வி வரும்.

ஒருவரிடம் எடுத்தால் மற்ற எட்டுப் பேரும் மனம் நோவார்கள் என்பது அப்பாவின் கவலை. ஆகவே அவர் ஒவ்வொருவரிடமும், "நான் வேற ஒராளிட்டை எடுத்துப்போட்டன், குறை நினைக்காதேங்கோ" என்று சொன்னார். ஒன்பது பேரும் குறை நினைக்கவில்லை. மாறாக, வருடக் கடைசியில் ஒன்பது பேரும் தம் படம் போட்ட கலண்டர் கொண்டுவந்து தருவார்கள். எல்லாவற்றையும் அப்பா உள்ளறைப் பாதையில் மாட்டிவைத்தார். யாராவது வந்தால் அவருடைய கலண்டர் மட்டும் வரவேற்பறைக்கு வரும். ஜன்னலில் நின்று, வருகிற கார் யாருடையது என்று பார்த்து, கலண்டரை மாற்றுவது பன்னிரண்டு வயதிலிருந்து என் வேலை. ஒருநாள் மாலை இரண்டு கார் ஒன்றாக வந்தபோது அப்பா மின்குமிழைக் கழற்றிவிட்டு, பல்பு போய்விட்டது என்று சொல்லி இருவருக்கும் இருட்டில் தேநீர் கொடுத்தார்.

முகவர்களில் ஒருவர் ஓய்வு பெற்றதும், அதைச் சாட்டாக வைத்து இன்னொருவரிடம் எடுக்கலாம் என்று அப்பா அம்மாவிடம் சொல்லியிருந்தாராம். எவரும் ஓய்வு பெறவில்லை.

5. பெப்ரவரி 11ஆம் திகதி, வேலைத்தலத்தில், மதிய இடைவேளைக்குச் சற்று முன் அப்பாவின் இதயம் நின்றுவிட்டது. அவருக்கு நாற்பத்தேழு வயது. அவருடைய சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமல் வீட்டுக்கு வந்தது.

அப்பாவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் ஒன்பது முகவர்களும் வரிசையில் நின்றார்கள். அழுதாலும் அவர்கள் முகத்தில் ஒருவித ஆறுதல் தெரிந்தது. அகஸ்ரின் எப்படியோ பிள்ளைகளுக்கு ஒழுங்கு செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்ற ஆறுதல். நான் வழக்கம்போல ஒரு தூணுக்குப் பின்னால் நின்றதால் பின்வருவதைக் கேட்க நேர்ந்தது.

"படிவம் எல்லாம் கெதியா நிரப்பிக் குடும், பஸ்ரியன். கிளடிஸ் பாவம்" என்று யோசப் அங்கிள் என் அம்மாவைக் குறிப்பிட்டுச் சொன்னார்.

"நானோ? உம்மட்டை எடுத்ததெண்டெல்லே எனக்குச் சொன்னவர்."

"சீச்சீ. எனக்கு ஏஞ்சலாட்டை எண்டவர்."

"எனக்கு உங்களிலை ஒராள் எண்டு மட்டும் சொன்னவர்" என்றார் ஏஞ்சலா அன்ரி. "ஆரெண்டு கேட்டா மரியாதை இல்லை எண்டு நான் கேக்கேல்லை."

ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பெட்டிக்குள் கிடந்த அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா எவரையும் தனியாகப் பார்க்காமல், எல்லாருக்கும் பொதுவாகச் சிரிப்பவர்போலக் கிடந்தார்.

6. அரசாங்கம் தரவேண்டிய கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பித்தோம். கிடைத்தவை செத்தவீட்டுச் செலவின் ஒரு பகுதிக்குப் போதுமாக இருந்தன. அம்மா ஒரு கேக் தொழிற்சாலையில் பகுதிநேரம் வேலை செய்கிறார். மார்ச் மாதம் நான் பன்னிரண்டாம் வகுப்பை விட்டுவிட்டு, ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் ரோல்ஸ் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆட்களுடன் கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதால் அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நான் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் எங்கள் இருவரின் சம்பளமும் வீட்டு வாடகையில் பாதியைத்தான் தாண்டும்.

மீதியைத் தருவது அன்னம். மே முதல் ஒக்ரோபர் வரை பதின்மூன்று சாமத்தியவீடுகளுக்கு அப்பா முற்பணம் வாங்கியிருந்தார். முற்பணம் புதிய சில்லுகளுக்குப் போய்விட்டது. மிச்சப் பணம் அன்னம் மண்டப வாசலுக்கு வந்தால்தான் கிடைக்கும். அது வராவிட்டால் நாங்கள் இந்த வீட்டை விட்டு, விட்பியில் அம்மாவின் சினேகிதி ஒருவரின் பேஸ்மென்றில் ஒரு அறைக்குப் போகவேண்டும். மெலனி பள்ளிக்கூடம் மாறவேண்டும். என் ரோல்ஸ் கடைக்கு அங்கிருந்து இரண்டு மணித்தியாலப் பயணம். தங்கள் அறிவித்தலில் உள்ள பதினான்கு நாட்கள் எங்களுக்கு இதைத்தான் குறிக்கின்றன.

7. அன்னத்தைத் தள்ள ஆறு பேர் வேண்டும். அப்பா கூலிக்கு ஆள் வைத்திருந்தார். எங்களால் முடியாது. இதைக் கேள்விப்பட்டதும் முகவர்கள் ஒன்பது பேரும் தாமே வந்து தள்ளுவதாகச் சொன்னார்கள். அவர்களுடைய மனதில் இருந்த பாரத்துக்கு அது நல்லது என்று அம்மா சொன்னார். ஆறு பேர் போதும், மற்ற மூவரும் அடுத்த முறை வரலாம் என்று நான் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். எவரும் பின்வாங்கவில்லை. ஆகவே கோட் சூற் அணிந்த எட்டு ஆண்களும், பட்டுச் சேலையில் ஏஞ்சலா அன்ரியும் சாமத்தியவீடு உள்ள ஒவ்வொரு சனிக்கிழமையும் அன்னம் தள்ளுகிறார்கள்.

அவர்கள் கூலி வாங்குவதில்லை. ஆனால் மண்டபத்தை விட்டுப் போகும்போது எவருடைய சட்டைப்பையிலும் விசிற்றிங் காட் மிஞ்சியிருப்பதும் இல்லை. முதல் சனிக்கிழமை, பிள்ளையின் தாய்மாமனார் அன்னத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கக் குனிந்தபோது பின்னாலிருந்து ஒரு காட் நீண்டது. "என்ரை மருமகளின்ரை சாமத்தியவீட்டிலை எனக்கு இன்சூரன்ஸ் விக்கிறீரோ?" என்று அவர் கேட்டார். "விக்கேல்லை அண்ணை, விளக்கம் மட்டும்தான்" என்று பதில் வந்தது. காட்டை அவர் வாங்கிக்கொண்டார்.

ஒன்பது பேரும் அம்மாவுக்கும் காப்புறுதி எடுக்கச் சொன்னார்கள். ஒருவர் படிவம் கொண்டுவந்தார், ஒருவர் பேனையும் கொண்டுவந்தார். அம்மா ஒன்பது பேரிடமும், "யோசிச்சுச் சொல்லுறன், குறை நினைக்காதேங்கோ" என்றார். அது அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

8. தாங்கள் கேட்காத ஒன்றையும் நானாகவே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அறிவித்தலில் 'வனவிலங்கு நடமாட்டம்' என்று ஒரு வரி இருக்கிறது. அது உண்மை. ஏப்ரல் மாதம் ஒரு ரக்கூன் அன்னத்தின் கழுத்துக்குள் குடிவந்திருக்கிறது. அப்பா இருந்திருந்தால் கவனித்திருப்பார். எனக்குத் தெரியவில்லை. மே மாதம் மூன்றாம் சனிக்கிழமை மில்லிக்கனில் ஒரு மண்டபத்தில், பிள்ளையைக் கதிரையில் இருத்தி, புகை விட்டு, பாட்டுப் போட்டு, ஒன்பது பேரும் தள்ளிக்கொண்டு போகையில் அன்னத்தின் வாய்க்குள்ளிருந்து ரக்கூன் தலையை நீட்டிப் பார்த்தது. முந்நூறு பேரும் எழுந்து கைதட்டினார்கள். படப்பிடிப்பாளர் அதை அருகில் போய் எடுத்தார். ரக்கூன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, கேக் மேசை இருந்த பக்கத்தைத் தெரிவுசெய்து இறங்கிப் போனது.

எவருக்கும் காயம் இல்லை. கேக்கின் இரண்டாம் தட்டுக்கு மட்டும் சேதம். பிள்ளையின் தகப்பனார் இது புதிய ஏற்பாடு என்று நினைத்து எங்களுக்கு மேலதிகமாக ஐம்பது டொலர் தந்தார். உண்மையை நான் ஒரு துண்டில் எழுதி முடிப்பதற்குள் அவர் போய்விட்டார். அடுத்த கிழமை தொலைபேசியில் அழைத்த ஒருவர், "அந்த அனிமலும் பக்கேஜிலை வருமோ?" என்று விசாரித்தார். வராது என்று மெலனி சொல்லிவிட்டாள். தற்போது கழுத்தின் வாசலைக் கம்பிவலையால் அடைத்திருக்கிறேன். ரக்கூன் எங்கள் கூரைக்குக் குடிமாறியிருக்கிறது. அது தங்கள் பிரிவுக்கு உட்பட்டதா என்று தெரியவில்லை. அந்த ஐம்பது டொலரையும் என்ன செய்வதென்று தாங்கள் அறிவுறுத்தினால் அப்படியே செய்வேன்.

9. அன்னத்தை வேறிடத்தில் வைக்க முயன்றோம். பின்வளவுக்குப் போகும் பாதை மூன்றடி அகலம். வாடகைக் களஞ்சியம் ஒன்றில் கேட்டபோது, மாத வாடகை ஒரு சாமத்தியவீட்டு வருமானத்தைவிட அதிகமாக இருந்தது. கோயில் வளவில் நிறுத்தலாமா என்று பங்குத் தந்தையிடம் அம்மா கேட்டார். அன்னம் அங்கே நின்றால் புதிதாக வருகிறவர்கள் அதற்கும் மெழுகுதிரி ஏற்றக்கூடும் என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

10. தங்கள் அறிவித்தலைப் பத்தாவது தடவை வாசித்தபோதுதான் இரண்டாம் பக்கத்தில் இருந்த வரியைக் கவனித்தேன். இவ்வாறான பொருள் எந்த ஒரு ட்ரைவ்வேயிலும் தொடர்ந்து எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கலாகாது என்று இருக்கிறது. எழுபத்திரண்டு மணித்தியாலம் என்பது மூன்று நாள்.

எங்கள் பங்கில் ஒக்ரோபர் மாதம் மாதாவின் சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் மூன்று நாள் வைத்துச் செபமாலை சொல்லி, நாலாம் நாள் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். எந்த வீடு, எந்தத் திகதி என்ற பட்டியலைத் தயாரிப்பவர் ஏஞ்சலா அன்ரி. இருபது வருடத்தில் மாதா ஒரு வீட்டிலும் நாலு நாள் நின்றதில்லை.

ஆகவே கடந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது முகவர்களையும் வீட்டுக்கு வரும்படி தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன். மற்ற எட்டுப் பேரும் வருவதாக ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர்கள் ஒரே நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. கலண்டர்கள் ஒன்பதும் பாதையில் தொங்கிக்கொண்டிருந்தன. அப்பா போனபின் அவற்றை எவரும் தொடவில்லை; ஒன்பதிலும் பெப்ரவரிதான். வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்த தம் படங்களுக்கு முன்னால் ஒன்பது பேரும் வரிசையாக நின்றார்கள்.

"எல்லாற்றையும் மாட்டி வச்சிருக்கிறான் பாரும்" என்றார் பஸ்ரியன் அங்கிள். பிறகு கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

நான் எழுதி வைத்திருந்ததை மெலனி உரத்து வாசித்தாள். முதலாவது, அம்மாவின் காப்புறுதி. ஒன்பது பெயரையும் துண்டில் எழுதி ஒரு ரோல்ஸ் பெட்டியில் போட்டிருந்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். யோசப் அங்கிளின் பெயர் வந்தது. அம்மா அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். மற்ற எட்டுப் பேரும் கைதட்டினார்கள். இருவர் முழு மனதோடு தட்டவில்லை. ஆனால் எவரும் எழுந்து போகவில்லை. இவ்வளவுதானா என்று அம்மா என்னைப் பார்த்தார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

இரண்டாவது, அன்னம். அதற்கு மூன்று மூன்று நாளாக ட்ரைவ்வே தரமுடியுமா என்று மெலனி வாசித்து முடிக்கவில்லை, முதலில் என் வீடு, முதலில் என் வீடு என்று சத்தம் எழுந்தது. வயதுப்படி போகலாம் என்றால், தம் வயதைக் குறைத்துச் சொல்லியிருந்த சிலருக்குச் சங்கடம். எனவே எங்கள் வீட்டிலிருந்து எத்தனை பஸ் தரிப்பிடம் தள்ளி என்று எண்ணி வரிசைப்படுத்தினேன். றொய்சன் அண்ணை பதினாலாம் மாடியில் இருப்பதால் அவருக்கு ட்ரைவ்வே இல்லை. அவர் மிகவும் கவலைப்பட்டார். அன்னத்தை வீட்டுக்கு வீடு இழுத்துச் செல்லும் பொறுப்பை அவருக்குக் கொடுத்தோம். எட்டு வீடும் எங்கள் வீடும் சேர்ந்து ஒரு சுற்று இருபத்தேழு நாள்.

பட்டியலை இணைத்துள்ளேன். ஏஞ்சலா அன்ரியின் கணினியில் தலைப்பை மாற்ற முடியாததால், மேலே 'மாதா வருகை' என்றும் கீழே 'மலர்கள் ஆயத்தமாக வைக்கவும்' என்றும் இருக்கும். அவற்றை அன்னத்துக்கு உரியவையாகக் கொள்ள வேண்டாம். இந்தத் தவறால் ஐந்தாம் வீட்டின் அயலவர்கள் ஏற்கெனவே செபமாலைக்கு வருகிறவர்களுக்குக் கடலை அவிப்பதற்கு ஆள் ஒழுங்கு செய்துவிட்டார்கள் என்று அறிகிறேன்.

11. எனவே தங்களிடம் பணிவாகக் கேட்டுக்கொள்வது:

அன்னத்தின் கோப்பில் 'படகு' என்ற சொல்லை நீக்கிவிட வேண்டும். வேறு எந்தச் சொல்லைப் போட்டாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரு சுற்று முடிந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது, எழுபத்திரண்டு மணித்தியாலத்தைப் புதிதாக எண்ணத் தொடங்கலாம் என்று எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். இது ஒக்ரோபர் கடைசிவரை போதும். அதற்குள் பதின்மூன்று வீட்டுக்கும் அன்னம் போய்விடும், வாடகையும் கட்டிவிடுவோம். எட்டாம் வீடு விட்பியில் இருக்கிறது. அது தங்கள் எல்லைக்கு வெளியே என்பதை அறிவேன். அங்கும் இதே மணிக்கணக்குத்தானா என்பது தங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள்.

முறைப்பாடு செய்த அயலவரின் பெயர் எனக்கு வேண்டாம். ஆனால் மழை நாட்களில் விடியற்காலையில் இடது செட்டை தானாக விரிவதைக் கண்டு அவர் பயந்திருந்தால், நான் வருந்துகிறேன் என்று அவரிடம் சொல்லவேண்டும். வயரைக் கழற்றிவிட்டேன்.

பட்டியலில் உள்ள எந்த வீட்டிலும், எந்த நாளிலும் தாங்கள் வந்து அன்னத்தைப் பார்வையிடலாம். தேநீர் தருவார்கள். காப்புறுதியைப் பற்றியும் சொல்வார்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால், யாரிடம் எடுத்தீர்கள் என்பதை உண்மையாகச் சொல்லிவிடுங்கள். நேரில் பேசத்தான் வேண்டும் என்று தீர்மானித்தால், எனக்குப் பதிலாக மெலனி வருவதற்கு அனுமதி தாருங்கள். பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும்.

12. தங்கள் பதில் வரும்வரை காத்திருந்தால் பதினான்கு நாள் முடிந்துவிடும் என்பதால், இன்று காலை ஏழு மணிக்கு றொய்சன் அண்ணை தம் வான் வண்டியில் ட்ரெயிலரைக் கொளுவினார். முதலாவது வீடு பஸ்ரியன் அங்கிளுடையது. இரண்டு பஸ் தரிப்பிடத் தூரம். புறப்படும்போதுதான் ட்ரெயிலரின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று கண்டோம். "ரெண்டு ஸ்ரொப்தானே தங்கச்சி, ஆரும் பாக்கமாட்டினம்" என்றார் அண்ணை. பதினொரு அடி அன்னத்தை எவரும் பார்க்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவின் சிவப்புச் சால்வையைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ட்ரெயிலருக்குப் பின்னால் வீதியில் நடந்தேன். முதல் தரிப்பிடம் தாண்டியதும் ஒரு பஸ் எங்களுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து வந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் முன்பக்கத்துக்கு வந்து நின்று படம் எடுத்தார்கள். சாரதி இரண்டு முறை ஹோர்ன் அடித்தார்.

நான் திரும்பி, சால்வையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, அவர்களுக்குக் கை காட்டினேன்.

இடம்: மோர்னிங்சைட், ஸ்காபரோ
திகதி: ஜூன் 15

இதை எழுதியவள்,
அ. றஜிதா
(கையொப்பம்)